எட்டுக்கோடியின் ‘பாக்கலாம்’

அவருக்கு எட்டுக்கோடி என்று பெயர் வந்ததற்கும் காசுக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. அவருடைய சட்டைப்பையைத் தலைகீழாக உதறினால் ஒரு திருகாணியும் பாதி தேய்ந்த சாக்குக்கட்டியும் கிரீஸ் பட்ட கைக்குட்டையும் விழும். அவர் வேலை பார்க்கும் பூங்காவுக்குப் புதிதாக வரும் காவல்காரர்கள்தான் பாவம், பெயரைக் கேட்டு முதல் நாள் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். விஷயம் தெரிந்ததும், “என்ன எட்டுக்கோடி, ஒரு டீ சொல்றது?” என்று தோளில் கை போடுவார்கள். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் சிரிப்பார்.

அதற்கு முன்னால் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. ‘பாக்கலாம்’. எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. கூரையில் தகரம் பெயர்ந்திருக்கிறதே என்றால் பாக்கலாம். பல் வலிக்கிறது என்கிறாயே, டாக்டரிடம் போகக் கூடாதா என்றால் பாக்கலாம். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். அந்த அக்கா பெண் பார்க்கப் போகலாமா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, “இவனுக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ள எனக்குப் பல்செட்டு வந்துடும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சோம்பேறி இல்லை. ஒரு காரியத்தைச் செய்வதைவிட அது நடக்கப்போவதை நினைத்துக்கொண்டிருப்பது அவருக்கு ருசித்தது, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயது அப்படியே ஓடிவிட்டது.

பூங்காவின் நடுவில் வட்டமான ஒரு கூடத்தில் இருந்தது குதிரை ராட்டினம். மரக்குதிரைகள், இரண்டு அன்னம், காது உடைந்த ஒரு முயல். அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. மேலே பிள்ளைகள் கூச்சல் போடும்போது, மரத்தளத்துக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் நான்கு இரும்புச் சக்கரங்கள் ஒன்றோடொன்று பல் கோத்துச் சுற்றும். மோட்டாரிலிருந்து கிளம்பும் சுழற்சி முதல் சக்கரத்திலிருந்து நான்காவதுக்குப் போய், அங்கிருந்து நடுத்தூணுக்குப் போகும். நான்காவது ஒரு சுற்றுச் சுற்றினால் குதிரைகளும் ஒரு சுற்று.

கிரீஸ் வைப்பதற்காகச் சக்கரங்களைக் கழற்றினால், திரும்பவும் அதே பல்லை அதே இடத்தில் கோக்க வேண்டும். அதற்கு ஓர் அடையாளம் வேண்டுமே. சக்கரங்கள் கோத்து நிற்கும்போது ஒவ்வொன்றிலும் கூடத்து வாசல் பக்கம் பார்க்கும் பல்லில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். மாட்டி முடித்த நாளன்று நான்கு புள்ளியும் வாசலைப் பார்த்து வரிசையாக நிற்கும். ராட்டினம் ஓட ஆரம்பித்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். ஒன்று வாசலுக்கு வரும்போது இன்னொன்று சுவரைப் பார்க்கும். பள்ளத்தில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். தான் படுத்திருக்கிறோமா, சுற்றுகிறோமா என்று தெரியாது. நான்கு புள்ளியும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்து நின்றதை ஓரிரு முறை பார்த்திருக்கிறார். அல்லது பார்த்ததாகக் கனவு கண்டிருக்கிறார். எது என்று அவராலேயே சொல்ல முடியாது.

கூடத்துக்கு எதிரே டிக்கெட் ஜன்னல். அங்கே உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் வேறு மாதிரி. கூட்டம் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள், இவள் டிக்கெட் எண்களைப் பிய்த்துப் பார்ப்பாள். எந்த எண்ணால் எந்த எண் வகுபடும் என்று மனதுக்குள்ளேயே உடைத்துக்கொண்டிருப்பாள். “இந்த ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு இருக்கே, பாக்க ஒண்டிக்கட்டை மாதிரி இருக்கும். எதாலயும் போகாதுன்னு நினைப்போம். உள்ள நாப்பத்து மூணும் நாப்பத்தேழும் ஜோடியா குடித்தனம் நடத்துது” என்று அவரிடம் ஒருநாள் சொன்னாள். ஒண்டிக்கட்டை என்ற சொல்லைச் சொல்லும்போது அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவருக்கு அது உறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பகா எண் என்று சொன்னது இவள் காதில் பகை எண் என்று விழுந்துவிட்டதாம். இரண்டால் போகாது, மூன்றால் போகாது, யாரையும் உள்ளே விடாது, சரிதான், எல்லோரோடும் பகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பரீட்சையிலும் அப்படியே எழுத, வகுப்பே சிரித்தது. “ஆனா எனக்கு அதுங்க மேல பாவமா இருந்துச்சுங்க. பகை இல்ல, பகிர்ந்துக்க ஒண்ணும் இல்லாம நிக்குதுங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது” என்றாள். அன்றிலிருந்து ராட்டினம் நின்றிருக்கும் நேரமெல்லாம் அவர் அந்த ஜன்னலடியில்தான் நின்றார். ஊருக்கே தெரிந்த விஷயம். பேச வேண்டிய ஒன்றை மட்டும் அவர் பேசவில்லை.

ஒரு மழை நாள் பிற்பகல். பூங்காவில் ஈ காக்காய் இல்லை. தகரக் கூரை சடசடத்தது. அவள் ஜன்னல் வழியாகவே கேட்டாள்.

“எங்க அண்ணன் லெட்டர் மேல லெட்டர் போடறாரு. அங்க ஒரு வேலை பாத்து வெச்சிருக்காராம். கிளம்பி வான்னு சொல்றாரு. நான் என்ன சொல்லட்டும்?”

இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் கேட்க முடியாது. பாக்கலாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். நல்லது நடக்கப்போகிறது, அதற்கேற்ற ஒரு நேரம் வேண்டும் என்று தோன்றியது.

“கீழ நாலு புள்ளி வெச்சிருக்கேன்ல, அது நாலும் வாசலைப் பாத்து ஒண்ணா வரட்டும். அன்னைக்கே உங்க அண்ணன்கிட்ட வந்து பேசறேன்” என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. “எப்ப வரும்?”

“வரும். ஒண்ணு ரெண்டு தடவை பாத்திருக்கேன். பாத்த மாதிரிதான் இருக்கு.”

“கண்டேன்னு சொல்றீங்களா, கனவுன்னு சொல்றீங்களா? ஒவ்வொரு சக்கரத்துலயும் எத்தனை பல்லுன்னு எண்ணிட்டு வாங்க. எப்ப வரும்னு நான் சொல்றேன்.”

அவர் பள்ளத்தில் இறங்கினார். புள்ளி வைத்த பல்லில் விரலை வைத்து ஒன்று என்று ஆரம்பித்து, சுற்றி வந்து, திரும்பப் புள்ளியைத் தொட்டதும் எண்பத்தொன்பது என்று முடித்தார். அடுத்தது நூற்று மூன்று. மூன்றாவது நூற்றொன்று. நான்காவது தொண்ணூற்றேழு. மறந்துவிடக் கூடாதே என்று முணுமுணுத்துக்கொண்டே மழையில் ஓடி வந்து ஒப்பித்தார்.

அவள் பென்சிலை எடுத்தாள். “நாலும் பகா எண்ணா!” என்றாள் முதலில், பழைய சிநேகிதர்களைக் கண்ட மாதிரி. பிறகு பெருக்க ஆரம்பித்தாள். பெருக்கப் பெருக்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

“பகிர்ந்துக்கறதுக்குப் பொதுவா ஒண்ணுமே இல்லாத நாலு எண். அதனால நாலையும் முழுசாப் பெருக்கணும். அத்தனை பல்லு நகர்ந்தாத்தான் நாலும் மறுபடி ஒண்ணா வரும். எட்டு கோடியே தொண்ணூத்தெட்டு லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூத்தொன்பது.” பென்சிலைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு இது தெரியுமா?”

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். 8,98,09,099. இப்படி ஒரு பெரிய எண் தன் பள்ளத்துக்குள் இத்தனை நாள் சத்தம் போடாமல் குடியிருந்திருக்கிறதே என்று பூரித்துப்போனார். “எவ்ளோ பெரிசு! என்ன அழகு!” என்றார்.

மனுஷன் சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லக் கூடாத வார்த்தை. ஜன்னல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. சாரல் அடிக்கிறது, அதனால் சாத்துகிறாள் என்று அவர் நினைத்தார்.

அன்று மாடி அறையில் அந்த எண் அவர் கனவில் வந்தது. ஒரு பெரிய கட்டடமாக வந்தது. இரண்டு போய்க் கதவைத் தட்டுகிறது, திறக்கவில்லை. மூன்று தட்டுகிறது, ஐந்து தட்டுகிறது, ஏழு தட்டுகிறது, ஒன்றுக்கும் வழியில்லை. எண்பத்தெட்டு வரை எல்லா எண்களும் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. கடைசியில் எண்பத்தொன்பது வந்து தொட, கதவு தானாகத் திறக்கிறது. உள்ளே நீளமான கூடம். மறுகோடியில் அவள் டிக்கெட் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர் நடக்கிறார், நடக்கிறார், கூடம் முடியவேயில்லை. விழித்தபோது வாயெல்லாம் சிரிப்பு. கனவின் அர்த்தம் மட்டும் மரமண்டையில் ஏறவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அந்த எண்ணைப் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். காவல்காரரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. டிக்கெட் ஜன்னலில் மட்டும் பேச்சு குறைந்துவிட்டது. எத்தனை மணி என்றால் மணி சொல்வாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கடைசல் பட்டறைக்காரர் அவருக்குப் பழைய கூட்டாளி. இரும்பில் பல் வெட்டுவது தொழில் என்பதால் தன்னைத் தானே பல் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசாமி. ஒரு பேரிங் வாங்கப் போன இடத்தில் எட்டுக்கோடி இந்தக் கதையை அவரிடமும் சொன்னார், ஜன்னலில் கொடுத்த வாக்கையும் சேர்த்தே சொன்னார். பட்டறைக்காரர் மெஷினை நிறுத்தினார்.

“மாப்ளே, உன் ராட்டினம் ஒரு நாளைக்கு எத்தனை பல்லு ஓடும்?”

“அதை யார் கண்டா?”

“ஒரு ஆட்டத்துக்குப் பன்னெண்டு சுத்து. நாளைக்குப் பதினஞ்சு ஆட்டம் வெச்சுக்க. சுத்துக்குத் தொண்ணூத்தேழு பல்லு.” தரையில் சாக்குக்கட்டியால் எழுதினார். “பதினாலு வருஷம் ஆகும்டா! மாட்டேன்னு சொல்றதுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

அவர் அப்படியே இரும்புத்தூளில் உட்கார்ந்துவிட்டார். மழை, அவள் கேட்ட ‘உங்களுக்கு இது தெரியுமா’, சாத்திய ஜன்னல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்டையில் குட்டின. பதினான்கு வருஷம் காத்திரு என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு, என்ன அழகு என்று வேறு சொல்லியிருக்கிறார். வெட்கத்தில் காது சுட்டது.

பட்டறைக்காரருக்கே மனசு கேட்கவில்லை. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தொழில் பேச்சுக்குப் போனார். “ஆனா ஒண்ணு, அந்தச் சக்கரத்தைச் செஞ்சவன் கெட்டிக்காரன். பகா எண்ணுல பல்லு வெச்சா ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்து எல்லாப் பல்லையும் ஒரு தடவை பாத்துட்டுத்தான் மறுபடி பழைய ஆள்கிட்ட வரும். தேய்மானம் எல்லாருக்கும் சமமாப் போகும். ஒரு மூளிப் பல்லும் இன்னொரு மூளிப் பல்லும் நேருக்கு நேர் மோதறது அபூர்வம்.”

“மோதுதே” என்றார் எட்டுக்கோடி, எங்கேயோ பார்த்தபடி. “மூணாவதுலயும் நாலாவதுலயும் ஆளுக்கொரு மூளிப் பல்லு இருக்கு. ரெண்டு ஆட்டத்துக்கு ஒருக்கா ‘டொக்’குன்னு கேக்கும்.”

“ரெண்டு ஆட்டத்துக்கு ஒருக்காவா? தொண்ணூத்தேழும் நூத்தொண்ணும்னா எட்டு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் கேக்கணும். நீ எப்படிடா எண்ணின?”

புள்ளிப் பல்லில் ஆரம்பித்துப் புள்ளிப் பல்லில் முடித்ததைச் சொன்னார். பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “புள்ளிப் பல்லை ரெண்டு தடவை எண்ணியிருக்க, மடையா! போய் ஒரு நூலைக் கட்டிட்டு எண்ணு!”

பேரிங்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். பள்ளத்தில் குதித்து, புள்ளிப் பல்லில் நூல் கட்டி, அதற்கு அடுத்த பல்லிலிருந்து ஒன்று என்று ஆரம்பித்தார். எண்பத்தெட்டு. நூற்றிரண்டு. நூறு. தொண்ணூற்றாறு. ஒன்றுகூடப் பகா எண் இல்லை. எல்லாமே இரட்டைப்படை.

மேலே ஏறி வந்தபோது ஜன்னலில் வேறொரு பெண் உட்கார்ந்து டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பழையவள் பக்கத்தில் நின்று அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு பெட்டி.

“அண்ணன்கிட்டப் போறேன். சாயங்காலம் வண்டி” என்றாள், பெட்டியைப் பார்த்தபடி.

மூச்சு வாங்கியது அவருக்கு. “ஒரு பல்லு கூடுதலா எண்ணிட்டேன்! எண்பத்தொன்பது இல்ல, எண்பத்தெட்டு. நூத்திரண்டு, நூறு, தொண்ணூத்தாறு. சத்தியமா எனக்குப் பதினாலு வருஷம்னு தெரியாது. நான் உங்களைக் கழட்டி விடறதுக்குச் சொல்லல. எனக்கு அவ்வளவு கணக்கு ஏதுங்க?”

அவள் நிமிர்ந்தாள். கோபம் இருந்தது, ஆனால் எண்கள் காதில் விழுந்தபின் அவளால் சும்மா இருக்க முடியாது. கை தானாகப் பென்சிலைத் தேடியது. “எல்லாத்துக்குள்ளயும் ரெண்டு இருக்கு, சிலதுல மூணு இருக்கு... பொதுவா இருக்கறதை ஒரு தடவை எடுத்தாப் போதும்...” உதடு அசைந்தது. “நாலு லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. அவ்வளவுதான். ஒரு மாசம்கூட ஆகாது.” அவளை அறியாமல் சிரிப்பு வந்தது. “இது பூட்டின வீடு இல்ல, சந்தை! பன்னெண்டு வரைக்கும் பாத்தா, வகுக்க முடியாம ஏழும் ஒன்பதும் மட்டும்தான் வெளிய நிக்குது, மத்ததெல்லாம் உள்ள பூந்துடும். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு பல்லைக் கூடுதலா எண்ணினதுக்கு இந்தப் பாடா?”

“மாசத்துக்கு ஒரு தடவை வரும்! நான் பாத்தது கனவு இல்ல! கடைசியாக் கழட்டி மாட்டி ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் ரெண்டே வாரம்!” என்று அவர் வெற்றிவீரர் போல் அறிவித்தார்.

அவள் சிரிப்பு நின்றது.

“ஆக, இன்னும் ரெண்டு வாரம் நான் காத்துக்கிட்டு நிக்கணும். எட்டுக் கோடியோ நாலு லட்சமோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதாங்க. நான் உங்களைத்தான் கேட்டேன். சக்கரத்தைக் கேக்கல.”

புதுப்பெண் டிக்கெட் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ராட்டினம் நின்றிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தான் எதற்காகக் காத்திருந்தோம் என்று அவர் யோசித்தார். வாய் வழக்கமான சொல்லையே எடுத்தது.

“பாக்கலாம்” என்றார்.

அவள் பெட்டியைத் தூக்கினாள்.

“அந்தப் பாக்கலாம் இல்லீங்க!” என்று அவர் பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். கிரீஸ் அப்பிக்கொண்டது. “உங்க அண்ணனைப் பாக்கலாம். இப்பவே. எத்தனை மணிக்கு வண்டி?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முழங்கை வரை கரி, தலையில் ஒட்டடை, காலில் செருப்பு கூட இல்லை.

“முகத்தைக் கழுவிட்டு வாங்க. எங்க அண்ணன் பயந்துடுவாரு” என்றாள்.

கல்யாணத்துக்குப் பட்டறைக்காரர் நான்கு புதுச் சக்கரங்களைப் பரிசாக வெட்டிக் கொடுத்தார். ‘டொக்’ சத்தம் போக வேண்டுமென்றால் பொதுவாக ஒன்றும் இல்லாத எண்கள்தான் வேண்டும், பழையதில் ஒரு பல் கால்வாசிப் பற்களோடுதான் பழகியது, அதனால்தான் சண்டை என்று விளக்கம் சொன்னார். எந்த எண்கள் என்று கல்யாணப் பெண்ணைக் கேட்டார். அவள் யோசிக்கவேயில்லை. எண்பத்தொன்பது, நூற்று மூன்று, நூற்றொன்று, தொண்ணூற்றேழு. அச்சுகளை ஒரு நூலளவு நகர்த்தி மாட்டி, நான்கு புள்ளி வைத்து, வாசலைப் பார்க்க நிறுத்தி, ராட்டினத்தை ஓட்டிவிட்டார்கள். இனிமேல் சக்கரங்களைக் கழற்றாமலே கிரீஸ் வைப்பது என்று முடிவு. அவர் தவறாக எண்ணியது அன்று உண்மையாகிவிட்டது.

அதன் பிறகு பதினான்கு வருஷத்துக்கு மேல் போயிற்று. நினைத்தால் ஒரு மதியத் தூக்கம் மாதிரி இருக்கிறது. அக்காவுக்குப் பல்செட்டு வந்தது. குதிரைகளுக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தார்கள், முயலுக்குக் காது முளைத்தது. வீட்டில் அவர் பாக்கலாம் என்றால், “எந்தப் பாக்கலாம்?” என்று அவள் கேட்பாள். சண்டை போடாத நாளே இல்லை. ஆனால் ஒரே சண்டையை இரண்டு தடவை போட்டதில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வார். எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் பார்க்கிற ஏற்பாடு அது.

மழையும் விடுமுறையும் போக, நான்கு புள்ளியும் சேரும் நாள் இந்த வாரத்துக்குள் வர வேண்டும் என்று அவள் கணக்குச் சொன்னாள். ஜன்னலை அன்று வேலை பழக வந்த புதுப்பெண்ணிடம் விட்டுவிட்டு, மத்தியானங்களில் பள்ளத்தில் வந்து அவர் பக்கத்தில் சாக்கில் படுத்துக்கொண்டாள். புதுப்பெண்ணுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. மேலே பிள்ளைகள் கத்தினார்கள். கீழே நான்கு வெள்ளைப் புள்ளிகள் மிதந்து மிதந்து போயின. இரண்டு சேர்ந்தன, மூன்றாவது விலகியது. அவளுக்குக் கண் சொக்கியது.

“இதைத்தான் இத்தனை வருஷம் தனியா பாத்துக்கிட்டு இருந்தீங்களா?” என்றாள்.

அவர் திரும்பினார். அவள் கன்னத்தில் கிரீஸ் இருந்தது. கைக்குட்டையால் துடைக்கப் போனார், அது இன்னும் அப்பியது. இருவரும் அடக்க மாட்டாமல் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்து சக்கரங்கள் நின்றன.

நிமிர்ந்து பார்த்தால், நான்கு புள்ளிகளும் வாசலைத் தாண்டி நின்றன. அவர் எழுந்து முதல் சக்கரத்தில் விரல் வைத்தார்.

“வாசல்ல நிக்கற பல்லை விட்டுட்டு எண்ணுங்க” என்றாள் அவள்.

விட்டுவிட்டு எண்ணினார். புள்ளி நாற்பது பல் தள்ளியிருந்தது. இரண்டாவதிலும் நாற்பது. மூன்றாவதிலும் நாற்பது. நான்காவதை மெதுவாக எண்ணினார். நாற்பது. நான்கும் ஒன்றாக வாசலுக்கு வந்து, நின்று பார்க்க ஆளில்லாமல், சேர்ந்தே கடந்து போயிருக்கின்றன. அரைச் சுற்று கூட ஆகவில்லை.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “போச்சே! இன்னும் பதினாலு வருஷம்!”

அவள் சாக்கில் மல்லாந்தபடியே, கன்னத்துக் கிரீஸோடு, அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

“பாக்கலாம்” என்றாள்.